கறை படாத துறைக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய துறை அதிகாரிகள் சமூகத்துக்கு,

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து பணிவான வணக்கம். எங்கள் படகுத்துறையில் உளுத்துக் கிடந்த மரப்பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பளபளவென்று பைபர் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கருணையே கருணை.

போன வாரம் என் அத்தை மீன்கூடையோடு அந்தத் தளத்தில் கால் வைத்தார். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி ஓடி வந்தார். "இன்னா கெழவி, ஓரமா போ! மீன் தண்ணி பட்டா கறையாயிடும். ஆபீசருங்க பாக்க வர்றாங்க." வாழ்நாளெல்லாம் அதே துறையில் கூடை தூக்கியவர், பக்கத்துச் சேற்றில் இறங்கி நடந்து போனார். அது வெறும் சேறில்லை, அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்தது.

மீன் இறக்கும் துறையில் மீன் தண்ணி படக்கூடாது என்ற நுட்பம் இத்தனை காலம் எங்கள் மரமண்டைக்கு எட்டவில்லை. இனி ஒழுங்காக இருப்போம். பிடித்த மீனைக் கடலிலேயே துவட்டி, காயவைத்து, பேப்பரில் மடித்துத்தான் கரைக்குக் கொண்டுவருவோம். இறாலுக்குக் கால்மிதியடி போடுகிறோம். நண்டு கைகால் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

பைபரின் அருமை எங்களுக்குத் தெரியாததல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. உப்பில் உளுக்காது, புழு துளைக்காது, மரத்தைவிட லேசு. எல்லாம் சரி. ஆனால் வெயிலில் மேல்பூச்சு தேய்ந்தால் கண்ணாடி இழை வெளியே தலைநீட்டும். வெறுங்காலில் நடக்கிறவருக்கு அரிப்புதான் மிச்சம். அதனால்தான் நாங்கள் அவ்வப்போது படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பூச்சு போடுகிறோம். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான் நடக்கும். உங்கள் தளத்துக்கு எந்த மாதம் பூச்சு, யார் பொறுப்பு? கல்வெட்டில் தேடினேன். திறந்துவைத்தவர் பெயர் மட்டும் இருக்கிறது.

இன்னொன்று. பைபர் தளத்தில் சொரசொரப்பாக மணல் ஒட்டிய தட்டு உண்டு. தண்ணீர் தானாகக் கீழே இறங்கும்படி கட்டம் கட்டமாகத் திறப்பு விட்ட தட்டும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்தது வழவழப்பான தட்டு. செதிலும் ஐஸ் தண்ணியும் விழுந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஆனால் உங்கள் கணக்கு வேறு: மீன் தண்ணிதான் படப்போவதில்லையே!

மரத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடலாம். 2022 நவம்பர் 27 அன்று திறப்பு; டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயலில் அலைப்பக்கம் சேதம். ஊரே பார்த்தது, பேசியது, சீரமைத்தார்கள். எங்கள் பலகை உளுத்துப்போய் ஆட்களின் கால் உள்ளே போனபோது படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. மரமோ பைபரோ, கவனிக்கிறவர் இருந்தால்தான் நிற்கும்.

கறை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கியதை வாளியில் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இறங்கியது. படகு கறுத்தது, வலை கறுத்தது, கொசஸ்தலையாறு கறுத்தது. படகுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்றார்கள். அன்றைக்கு எந்த ஆலை வாசலுக்காவது ஓடிப்போய் "ஓரமா போ, கறையாயிடும்" என்று கத்தினீர்களா? ஆற்றையே எண்ணெயில் முக்கியவர்களிடம் வராத குரல், கூடை தூக்குகிற ஒரு கிழவியிடம் மட்டும் எப்படி ஐயா வருகிறது? வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும். எழுதும் வேகத்தில் கடிதத்தின் மேல் கொஞ்சம் மீன் தண்ணி தெறித்துவிட்டது. துடைத்துவிட்டேன். தங்கள் பொன்னான கோப்பில் வாடை வராது.

தாங்கள் ஆய்வுக்கு எழுந்தருளும் நாளில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடலைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிப் பார்க்கிறோம். அதுவும் உப்புக்கறை விடுகிற ஜாதி.

போகட்டும். கேட்பது நான்கே நான்கு. வழவழத் தட்டை எடுத்துவிட்டுச் சொரசொரத் தட்டோ, தண்ணீர் இறங்கும் தட்டோ போடுங்கள். பூச்சு போடும் மாதத்தையும் பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் துறையிலேயே எழுதி வையுங்கள். அந்த மேஸ்திரியை அனுப்பி என் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த குப்பத்தில் தளம் போடும் முன்பு, அங்கே கூடை தூக்குகிற பெண்களை ஒரு வார்த்தை கேளுங்கள். துறை அவர்களுக்காகத்தான்.

இப்படிக்கு,
தங்கள் தளத்தில் இன்னும் கால் வைக்காத
குப்பத்துவாசி