சிறகு முளைத்த சேனைகள்: கேள்வி–பதில்

செஞ்சிக் கோட்டை முற்றுகைகளைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்கிறோமே, பூச்சிகளின் சேனை எந்த யுத்தத்திலாவது இறங்கியதுண்டா?
(வாசகர், அனந்தபுரம்)

1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைக் கைப்பற்றச் சென்ற பிரிட்டிஷ் இந்தியப் படை, பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையையும் தன்னுள் கொண்டு, ஜெர்மானியரை எண்ணிக்கையில் பன்மடங்கு விஞ்சியிருந்தும், துப்பாக்கிச் சத்தத்தில் கூடு கலைந்த தேனீக்களிடமும் கொட்டுப்பட்டு, தோற்றுக் கப்பலேறிற்று. தேனீக்களோ சுதேசி, விதேசி என்ற பேதமே பாராட்டவில்லை! வீடு திரும்பாத சிப்பாய்களின் மரணத்துக்குப் பொறுப்பு, தேனீக்கள் அல்ல. போதிய ஆயத்தமின்றி அவர்களைக் கரையிறக்கிய தளபதிகளே.

எறும்புச் சாரியைக் காலாட்படைக்கு ஒப்பிடுவது பொருத்தந்தானா?
(வாசகி, திண்டிவனம்)

பொருத்தமே, ஆனால் அந்தப் படையில் ஆண் சிப்பாய் ஒருவனையேனும் காட்ட முடியுமா? இரை சுமப்பவர், குஞ்சு பேணுபவர், பகைவரோடு பொருபவர் யாவரும் பெண்களே.

மக்காச்சோளக் குருத்தைப் படைப்புழு தின்கிறது. எந்த ஆயுதத்தால் யுத்தம் தொடுப்பது?
(விவசாயி, விழுப்புரம்)

2018-இல் நம் தேசத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அந்தப் பகைவனின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு, அவன் பிறக்குமுன்பே வம்சத்தை அறுக்கவல்ல டிரைக்கோகிரம்மா என்னும் குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத மகாவீரன். ஒட்டுண்ணி அட்டையாகக் கிடைக்கும் அதனை இலையடியில் கட்டிவிடுங்கள். கண்டபடி நஞ்சு தெளித்தால், முதலில் மடிவது நம் கட்சிச் சேனையே.