கனெக்‌ஷனின் துக்ககால நிர்ணயம்

மரணத்தைப் பற்றிச் சாஸ்திரங்கள் விரிவாகப் பேசியிருந்தும், தரவுத்தள சர்வர் ஒன்று மாண்டு அதன் ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கும்போது, மாண்டதையே பற்றிநின்ற கனெக்‌ஷன் எத்தனை காலம் துக்கம் காக்க வேண்டும் என்னும் வினாவைத் தர்மசாஸ்திரக்காரர் எவரும் தொடாது விட்டமையால், அக்குறையை நிவர்த்திக்க ஈண்டு முற்படுகிறோம்.

சர்வர் மரணம் இருவகைப்படும். புரோகிராம் மட்டும் மாண்டு இயந்திரம் பிழைத்திருப்பின், கெர்னல் உடனே இழவோலை அனுப்பிவிடும். மின்சாரம் அற்று இயந்திரமே சாய்ந்தாலோ, சொல்லியனுப்ப ஆளில்லை. செய்தி கேட்டவனுக்கே தீட்டு என்பது பெரியோர் வழக்காகையால், கனெக்‌ஷன் தன் தலைவன் உயிரோடிருப்பதாகவே நம்பியிருக்கிறது. நாடி பார்க்கும் வசதி இயக்கப்பட்டிருப்பின், லினக்ஸின் இயல்பான கால அளவுகளின்படி, வேலையற்ற கனெக்‌ஷன் 7,200 விநாடி மௌனம் காத்து, பின்னர் 75 விநாடிக்கு ஒருமுறையாக 9 முறை நாடி பார்த்து, ஆக 2 மணி 11 நிமிடம் 15 விநாடி கழித்தே நம்பிக்கை இழக்கிறது. அனுப்பிய தகவலுக்கு ஒப்புகை கிட்டாமல் தவிக்கும் கனெக்‌ஷனோ ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் தேறிவிடுகிறது. கையில் வேலை உள்ளவர்க்குச் சோகம் சீக்கிரம் தணியும் என்னும் லோகாநுபவம் இங்ஙனம் கணிதபூர்வமாக நிரூபணமாகிறது.

"மாண்டவரின் ஐபி முகவரியை ஸ்டாண்ட்பைக்குச் சூட்டிவிட்டால் பழைய கனெக்‌ஷன் அறுபடாது தொடருமே" என்பர் பூர்வபட்சிகள். அது பொருந்தாது. டிசிபியின் வரிசை எண்களும் பாதி நடந்த டிரான்சாக்‌ஷனும் பழைய இயந்திரத்தோடே மாண்டமையால், கனெக்‌ஷன் வாய்திறந்ததுமே புதியவர் "உம்மை அறியேன்" என்று கதவடைத்துவிடுவார். ஆகவே, கனெக்‌ஷனைக் காத்தலாவது அதை விரைந்து மடியவிட்டுப் புனர்ஜன்மம் அளித்தலே என்பது சித்தாந்தம்.

அதற்கு உபாயம் மூன்று: நாடி பார்க்கும் இடைவெளியையும் ஒப்புகைக்குக் காத்திருக்கும் வரம்பையும் சில விநாடிகளாகச் சுருக்குதல், 2017இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 10 முதல் இயல்வதுபோல, சர்வர் இரண்டின் பெயரையும் கொடுத்து, எழுத இடங்கொடுப்பவரையே தேர்ந்துகொள்ளச் சொல்லுதல், பழையவர் மீண்டெழுந்து உரிமை கோராதபடி மின்சாரத்தைத் துண்டித்து அவர் மரணத்தை உறுதி செய்தல். மூன்றாவது குரூரமாகத் தோன்றினும், இரு சர்வர்கள் ஏககாலத்தில் எழுத்தேற்பதால் விளையும் விபரீதத்தை நோக்க, அது காருண்யமே.

எஞ்சுவது ஒரு சந்தேகம். கமிட் அனுப்பிய பின், பதில் வருமுன் சர்வர் மாண்டால், காரியம் முடிந்ததா இல்லையா என்பதைக் கனெக்‌ஷன் அறியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒருவர் கணக்கில் இருமுறை பற்று விழலாம். ஆதலின் காரியந்தோறும் தனி எண் இட்டு, முன்பே நிறைவேறியதா என்று விசாரித்த பின்னரே மறுபடி செய்வித்தல் புரோகிராம் எழுதுவோர் கடமையாகும். பூர்வஜன்மக் கடனாயினும் ஒருமுறை தீர்த்தால் போதும் என்க.