பல்லவர் முதல் பரனூர் வரை: பழைய வீட்டைப் புதுப்பித்தலும் மேஸ்திரி வராமையும்

வீடு கட்டுவதற்கு நம்மிடம் நூல்கள் உண்டு. அறையின் உள்ளளவு 11 அடி இருந்தால் வாழ்வு, 12 அடி இருந்தால் தாழ்வு என்று மனையடி சாஸ்திரம் அடியடியாகச் சொல்கிறது. அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் பாரம், ஈசானிய மூலையில் தண்ணீர் எனச் சகலமும் வகுத்தாயிற்று. ஆனால் ஏற்கெனவே கட்டி, இரண்டு தலைமுறை குடியிருந்து, ஓதம் ஏறி, அண்ணன் தம்பிகள் பேசித் தீர்த்து, கடைசியில் ஒருவர் தலையில் விழுந்த வீட்டை என்ன செய்வது என்பது பற்றி முன்னோர் வாய் திறக்கவில்லை. பழமொழி சொன்னவரும் ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று நிறுத்திவிட்டு நேரே கல்யாணத்துக்குப் போய்விட்டார். இந்தக் குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: வடக்கே முட்டுக்காடு, தெற்கே பாலாறு, மேற்கே செங்கற்பட்டு, கிழக்கே கடல். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திடமிருந்து பாகம் பிரித்துக்கொண்டு வந்த செங்கற்பட்டு மாவட்டத்துப் பகுதி இது என்பதால், பாகத்தில் வந்த வீடுகளை ஆராய இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது. முதன்மைத் தரவு, செங்கற்பட்டுக்கும் பரனூருக்கும் இடையில், கொளவாய் ஏரிக் காற்று வீசும் தூரத்தில், 1970களில் எழும்பிய ஒரு தளம் போட்ட வீடு. அதன் உரிமையாளரும் இவ்வாய்வாளரும் ஒரே ஆள் என்பதால் நடுநிலைமை குறித்து ஐயம் எழலாம். எழட்டும்.

முதற்கண் துணியப்படுவது யாதெனின், முழு வீட்டையும் புதுப்பிக்க எண்ணி எவரும் தொடங்குவதில்லை. தொடங்குவது பாத்ரூம் சுவரில். அந்தச் சுவரின் மறுபக்கம், ஹாலில், அப்பா படத்துக்குக் கீழே ஒரு ஈரத்திட்டு. பிளம்பர் வந்து விரலால் சுரண்டுகிறார். உள்ளே ஓடும் ஜி.ஐ. குழாய் துருவேறிப் போயிருக்கிறது. குழாயை மாற்றச் சுவரைக் கொத்த வேண்டும், அதற்குக் கொத்தனார். கொத்தனார் கொத்தும்போது குறுக்கே வருகிறது பழைய வயர், துணி சுற்றியது, தொட்டால் பொடியாகிறது. அதற்கு எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியன் மூன்று அறைகளில் காடி வெட்டிவிட்டுச் சாயங்காலம் போன பிறகு, மேஸ்திரி வாசலில் நின்று பீடியை அணைத்தபடி சொல்கிறார்:

“சொல்றது என் கடமை சார். செவுத்த இவ்ளோ ஒடச்சாச்சு. தரைய மட்டும் இன்னாத்துக்கு உடணும்? நாளைக்கு மறுபடி தூசி, மறுபடி கூலி.”

இந்த வாதத்துக்கு மறுப்பு எந்தத் தருக்க நூலிலும் இல்லை. தரை போடப்பட்டது. அதனால் தரை உயர்ந்தது. அதனால் கதவுகள் சாத்தவில்லை. கதவின் அடியை இழைக்க வந்த ஆசாரி நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள கரையான் சார்” என்றார். நிலையை எடுத்தால் மேலே லின்டல். லின்டலை அண்ணாந்து பார்த்தால் அதற்கும் மேலே தளம். ஆக, ஈரத்திட்டு பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் பரவும் இயல்பினது என்பது பெறப்படும்.

இரண்டாவது சிக்கல் காலம். ஆடியில் வேலை தொடங்கக் கூடாது. புரட்டாசியிலும் மார்கழியிலும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்குச் சொந்தம், பூச்சு காயாது. தையில் நாள் நன்றாக இருக்கும், ஆள் ஊருக்குப் போயிருப்பார். மாசியில் ஆள் இருப்பார், பணம் இருக்காது. வைகாசியில் எல்லாம் இருக்கும், முகூர்த்தங்களும் இருக்கும், ஆகவே மேஸ்திரியின் மச்சான் கல்யாணமும் இருக்கும். மிஞ்சுவதைக் கூட்டிப் பார்த்தால், தமிழ் ஆண்டு என்பது வீடு புதுப்பிக்காமல் இருப்பதற்காகவே வகுக்கப்பட்டதோ என்ற ஐயம் வலுக்கிறது.

இனிப் புறநகர் வீட்டின் காலக்கணிப்பு. இதற்குக் கல்வெட்டு வேண்டாம், வாசற்படி போதும். கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, இரண்டு படியாயிற்று, ஒன்றாயிற்று, சமமாயிற்று. இன்றைக்குத் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தால் அந்த வீடு முற்காலத்தைச் சேர்ந்தது என்று துணியலாம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசே 2021-இல் அறிவுறுத்தியது. அதற்குள் பல தெருக்கள் ஜன்னல் திட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் புகுந்த பிறகு ‘ஜாக்கி வைத்துத் தூக்குதல்’ என்னும் புது இயல் பரவலாயிற்று. வடநாட்டுக் குழு ஒன்று வந்து, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைத் துண்டித்து, வரிசையாகத் திருகு ஜாக்கிகளைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டை அப்படியே மேலே ஏற்றி, இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டிவிடுகிறது. வீடு உயர்ந்ததும் சாலை மறுபடி உயரும். இருவரில் யார் முதலில் களைப்பார்கள் என்பது வருங்கால ஆய்வாளர்க்கு உரியது.

பெயிண்டர் சுரண்டும்போது கிடைத்த அடுக்குகளையும் பதிவு செய்கிறேன். மேலே எமல்ஷன், அதன் கீழ் ரோஸ் டிஸ்டம்பர், அதன் கீழ் பச்சை டிஸ்டம்பர், அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு. பச்சைக்கும் ரோஸுக்கும் நடுவே பென்சிலில் ஒரு பால் கணக்கு. கையெழுத்து பாட்டியுடையது. கணக்கு இன்னும் நேராகவில்லை.

இவ்வாய்வின் மையக் கருத்துக்கு வருவோம். இந்தக் கரையில் கட்டட வேலையின் மூத்த சாட்சி மாமல்லபுரம். அங்கே பஞ்ச ரதங்கள் முற்றுப்பெறவில்லை. வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் முற்றுப்பெறவில்லை. குன்றின் மேல் பிற்காலத்தில் தொடங்கிய ராயர் கோபுரமும் அடிப்பகுதியோடு நிற்கிறது. அர்ச்சுனன் தபசுக்கு ஜோடியாக இன்னொரு பாறையில் தொடங்கிய புடைப்புச் சிற்பமும் பாதியில் நிற்கிறது. குடைவரைகள் சிலவற்றில் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டிப் பிரித்து, நடுவில் புடைத்து நிற்பதை உடைத்து எடுக்கும் முறை அப்படியே தெரிகிறது. சில சதுரங்கள் உடைத்தாயிற்று, பக்கத்துச் சதுரம் உடைக்கவில்லை. உளிக்கோடு நேற்றுச் சாயங்காலம் விட்டுப்போனது மாதிரி இருக்கிறது.

ஏன் பாதியில் நின்றன? மன்னன் இறந்தான் என்பர் ஒருசாரார். போர் வந்தது என்பர் ஒருசாரார். இரு சாராரும் கற்றவர்கள், ஆனால் வீடு புதுப்பிக்காதவர்கள். ஆய்வாளர் துணிபு வேறு: தலைமைத் தச்சர் காஞ்சிபுரத்தில் இன்னொரு சைட் பிடித்துவிட்டார். ‘நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்’ என்றிருப்பார். மன்னன் ஓலை அனுப்பியிருப்பான். அவர் எடுத்திருக்க மாட்டார்.

இதற்கு அகச்சான்றும் உண்டு. ஐந்து ரதங்களில் திரௌபதி ரதத்துக்குக் குடிசைக் கூரை, பீம ரதத்துக்கு நீண்ட வண்டிக்கூடு, நகுல சகதேவ ரதத்துக்கு யானையின் பின்புறம் போன்ற வளைவு, அருச்சுன, தர்மராஜ ரதங்களுக்கு அடுக்கு விமானம். மாமல்லபுரத்துச் சின்னங்கள் வெவ்வேறு மன்னர் காலத்தவை என்பது பலர் கொள்கை. மாமல்லபுரம் முழுவதுமே பல்லவ மன்னன் இராசசிம்மன் ஒருவன் செய்வித்தது என்று 1962-இல் வாதிட்டார் தொல்லியலாளர் இரா. நாகசாமி. அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. எனக்கோ, டைல்ஸ் ஷோரூமுக்குக் குடும்பத்தோடு போய்வந்த பிறகு, ஒரே வீட்டுக்காரர் ஐந்து மாதிரி கேட்டிருப்பார் என்பதில் கடுகளவும் ஐயமில்லை.

ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். ரதங்கள் ஒற்றைப் பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. அதனால் தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகள் நேர்த்தியாக இருக்க, அடித்தளம் சொரசொரப்பாக நிற்கிறது. நம் வீடுகளில் கீழ்த்தளம் முடிந்திருக்கும், மொட்டைமாடித் தூண்களில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், ‘பின்னால் மாடி எடுக்க’. திசைதான் வேறு, பாக்கி ஒன்றே. பல்லவர் பாக்கியை யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பின்கட்டுச் சுவரின் பூச்சு விட்டுப்போனது குறித்து இந்த முன்னுதாரணத்தை வீட்டில் எடுத்துச் சொன்னேன். ஏற்கப்படவில்லை.

பொருள் செலவில் பல்லவர் கெட்டிக்காரர். மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்லில் பொறித்துப் பெருமைப்படுகிறான். கலைஞனின் சோதனை முயற்சி என்று இதைப் பாராட்டுவார்கள். செங்கல் லோடும் கம்பி டன்னும் சிமெண்ட் மூட்டையும் என்ன விலை விற்கின்றன என்று விசாரித்துவிட்டு அந்தக் கல்வெட்டைப் படித்தால், ஒரு மனிதன் எஸ்டிமேட்டிலிருந்து நான்கு தலைப்புகளை அடித்த மகிழ்ச்சி புலப்படும்.

புதுப்பித்தலுக்கே நேர்ச்சான்று சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டுகளை வெளிக்காட்ட, அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானம் வந்தது. அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில், வடக்கு பார்த்த முருகன் கோயில். கடல் சீறி அழித்த பழைய செங்கற் கருவறையை மணலால் நிரப்பி, மேலே கருங்கல் பலகைகளை இட்டு மூடி, அதன்மேல் பல்லவர் புதிதாக எழுப்பினார்கள் என்பது தொல்லியலாளர் முடிவு. இதுவே இன்று ‘டைல் மேல டைல்’ என்று கடைக்காரர்கள் புதிதுபோல் விற்பது. பழைய மொசைக்கைப் பெயர்க்க வேண்டாம், தூசி இல்லை, பசை போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. கதவு சாத்தாமை பற்றி மேலே கண்டோம்.

இன்னொரு மரபு மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில். அங்கே இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவில் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட பெருமாள். பெருமாளே முந்தியவர், சந்நிதிகள் பின்னால் வந்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. அதாவது குடியிருப்பவரை எழுப்பாமல் சுற்றிலும் வேலை பார்த்திருக்கிறார்கள். வாடகைக்கு வேறு வீடு பிடிக்க மனமில்லாமல், நடு அறையில் தாத்தாவின் கட்டிலுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, நான்கு பக்கமும் கொத்திக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இம்மரபின. வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவதற்கும் வழி உண்டு. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்து வீட்டையும் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு இக்கட்டுரை தேவையில்லை.

கரையோரத்தின் தனி நோய் உப்பு. உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்குகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், ஆகவே தளம் உள்ளிருந்து வெடித்துப் பத்தை பத்தையாக விழும். கடற்கரைக் கோயில் கல்லிலிருந்து உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பி, காயவிட்டு, உரித்து எடுக்கிறது. என் ஹால் சுவருக்குப் பெயிண்டர் சொன்ன மருந்து: “ரெண்டு கோட்டு அடிச்சா போயிடும் சார்.” போகவில்லை. பெயிண்டர் போய்விட்டார்.

மாமல்லபுரத்துக்குள்ளேயே பழைய வீடு வைத்திருப்பவர் நிலை பரிதாபம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தடைப் பகுதியில் புதிதாகக் கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடாக இருந்தால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். சின்னங்களைக் காக்க இது வேண்டிய சட்டம், மறுப்பில்லை. ஆனாலும் பல்லவன் முடிக்காமல் விட்ட வேலைக்குப் பக்கத்தில் வேறு எவரும் சுலபமாக எதையும் முடித்துவிட முடியாது என்பதே நடைமுறை.

அரசுக்கும் புதுப்பிப்போர் மீது பெரிய மதிப்பில்லை. பழைய வருமான வரி முறையில், குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ கடன் எடுத்தால் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு. பழுதுபார்க்க எடுத்தால் 30 ஆயிரம்.

முடிபாகத் துணிந்தவை சில. வேலை மேலிருந்து கீழே வர வேண்டும், இதில் பல்லவரே சரி. முதலில் தளமும் ஒழுகலும், பிறகு குழாய், பிறகு வயர், பிறகு பூச்சு, தரை, கடைசியில் பெயிண்ட். வரிசை மாறினால் ஒரே சுவருக்கு இரண்டு தரம் கூலி. பழைய சுவரைத் தேவையில்லாமல் இடிக்காதீர்கள். பாலாற்று மணலில் குழைத்த பூச்சு எங்கள் வீட்டில் ட்ரில் மெஷினையே திருப்பி அனுப்பியது. மேஸ்திரிக்கு முன்பணம் வேலைக்கேற்பக் கொடுங்கள், கடைசித் தவணையைக் கடைசிச் சுவர் முடியும்வரை மடியில் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள்: காடியை அடைத்துப் பூசுவதற்கு முன், குழாயும் வயரும் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் போகின்றன என்று ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பவரிடம் அதை முதலில் காட்டுங்கள்.