மண்டையில் ஏறாத லாக்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய எந்த டியூஷன் சென்டரிலும் கேளுங்கள். "லாக் மட்டும் இந்தப் பசங்க மண்டைல ஏறவே மாட்டேங்குது சார்" என்பார்கள். பழிபோட மண்டை வசதியான இடம், திருப்பிப் பேசாது.

ஏறுவதற்கு நாம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அப்படி. பத்தாம் வகுப்பு அறிவியலில் பிஹெச் வருகிறது: ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கை, அதாவது லாக், முன்னால் ஒரு கழித்தல் குறி. மடக்கை என்றால் என்ன என்பதோ பதினோராம் வகுப்புக் கணக்கில்! நடுவில் பிள்ளை என்ன செய்யும்? அடுக்கிலுள்ள எண்ணை எடுத்து, குறியை மாற்றிப் போட்டு மார்க் வாங்கிவிடும். பிஹெச் 7-லிருந்து 5-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி நூறு மடங்கு கூடிவிட்டது என்று அதனிடம் யார் சொல்வது? சொன்னால் அதற்கு மார்க் உண்டா?

பதினோராம் வகுப்பில் கற்றுக்கொள்ளட்டும் என்கிறீர்களா? அப்படியொரு வகுப்பு இருப்பதாக ஐதீகம். பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தைப் பிரித்துவிடும் தனியார் பள்ளிகளை மடக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்த மார்க் மேற்படிப்புக்குக் கணக்கில் வராது என்று 2018-லேயே சொல்லியாயிற்று. 2025-26-இல் தேர்வும் போயிற்று. பாடத்தைத் தின்றவர்களை விட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டார்கள்.

1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டது, ராட்சதப் பெருக்கல்களில் சாகிற வானியலாளர்களைக் காப்பாற்ற. எத்தனை பத்துகளைப் பெருக்கினால் ஆயிரம்? மூன்று. அவ்வளவுதான் லாக். பத்தையும் நூறையும் பெருக்கும்போது ஒரு பூஜ்யமும் இரண்டு பூஜ்யமும் சேர்ந்து மூன்றாகிறதே, பெருக்கல் கூட்டலாவது அங்கேதான். ஒரு சாக்பீஸ் செலவு. அதற்கு நேரமில்லை; விதிகளை மனப்பாடம் செய், நீட் கேள்விக்கு ஓடு. "ஏன் சார் கூட்டணும்?" என்று கேட்டவனுக்கு, "எக்ஸாமுக்கு வராதுப்பா, உட்காரு."

இவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். வேலைக்குப் போய் இதே ஊரில் மனை பார்க்க வருவான். "வருஷம் பன்னெண்டு பெர்சன்ட் ஏறுது சார், நாலே வருஷத்துல டபுள்!" என்பார் தரகர். இரண்டின் மடக்கை 0.3010, 1.12-இன் மடக்கை 0.0492; வகுத்தால் ஆறு வருஷத்துக்கும் மேல். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, அதில் லாக் பொத்தானும் இருக்கிறது. அவன் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பான்.