நில்லா மிதி: நிலைப்பல் மிதிவண்டி குறித்த ஆய்வின் முன்னுரைக்கு ஒரு பாயிரம்

0. ஆய்வின் தேவை

இளைஞர்கள் ‘ஃபிக்ஸி’ என்றும், அவர்களைப் பெற்றவர்கள் ‘பிரேக் இல்லாத சனியன்’ என்றும் வழங்கும் வாகனத்தை இக்கட்டுரை ‘நிலைப்பல் மிதிவண்டி’ என்றே குறிக்கும். வேறு சொல்லால் குறித்தால் புரிந்துவிடும்.

சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே பிரீவீல் என்றொரு உறுப்பு உண்டு. கால் ஓய்ந்தாலும் அது ‘டிக் டிக்’ என்று சக்கரத்தை ஓடவிடும். அதைக் கழற்றிவிட்டு, பல்சக்கரத்தை நேராகச் சக்கரத்தோடு பிணைத்தால் நிலைப்பல். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பெடலை நிறுத்தினால் சக்கரம் நிற்கும். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் வண்டியும் பின்னுக்குப் போகும். செய்தி இவ்வளவுதான். ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம் என்பதாலேயே இத்துறையில் இதுவரை முனைவர் பட்ட ஆய்வு நிகழவில்லை போலும்.

கருதுகோள்: ஓர் உறுப்பைச் சிக்கனமாக நீக்குவதற்கு, அதை வைத்திருப்பதைவிடக் கூடுதல் செலவாகும். நோக்கம்: கருதுகோளை மெய்ப்பிப்பது. மெய்ப்பட மறுத்தால், மரபுப்படி, தரவுகளை மாற்றிக்கொள்வது.

1. முன்னாய்வுகள்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சைக்கிள் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, 2008இல் மறையும்வரை, உலகத்துக்கே ஃபிக்ஸி இலக்கணம் எழுதிக் கொடுத்தவர் ஷெல்டன் பிரௌன். அவர் எழுதியதைப் படித்து யாரும் வண்டி கட்டிவிடலாம். அந்தக் குறையை இக்கட்டுரை நிவர்த்தி செய்யும். இவரை விட்டால் முன்னோடி, இக்கட்டுரையாளரின் முந்தைய கட்டுரை மட்டுமே (பார்க்க: இக்கட்டுரை).

2. தோற்றமும் தொன்மையும்

முன்சக்கரம் ஆளுயரம் இருந்த 19ஆம் நூற்றாண்டு வண்டிகளில் பெடல் நேராக அச்சிலேயே இருந்தது. ஆகவே அவை அனைத்தும் நிலைப்பல்லே. பிரீவீலுக்கு அமெரிக்காவில் வில்லியம் வான் ஆண்டன் 1869லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். உலகம் அதைக் கவனிக்க அந்த நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. ஆய்வேடுகள் அச்சாகும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது விரைவுதான்.

ஆன்றி தெகிராஞ்சு என்ற பிரெஞ்சுக்காரர் 1893இல் பாரிஸ் ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். பிறகு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்தும் பொறுப்புக்கு வந்தபோது, ஓடும்போதே கியர் மாற்றும் டெரெய்லர் கருவியை 1937வரை பந்தயத்துக்குள் விடவில்லை. தான் படித்த பாடத்திட்டமே தன் மாணவரின் மாணவருக்கும் போதும் என்று இருக்கும் துறைத் தலைவர்கள் இவரை உடனே இனம் கண்டுகொள்வர். ஓடுதளப் பந்தயங்களில் இன்றும் நிலைப்பல்தான், பிரேக் கிடையாது. ஜப்பானில் 1948இல் கோக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் அதன்மேல் பணமே கட்டுகிறார்கள். நியூயார்க் தெருக்களில் சைக்கிளில் கூரியர் சுமந்த நெல்சன் வெயில்ஸ் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய பிறகு, கூரியர் சுமக்காதவர்களுக்கும் ஆசை வந்தது.

இது தமிழர் கண்டதே என்பாரும் உளர். மூன்று வயதில் நாம் கூடத்தில் ஓட்டிய முச்சக்கர வண்டியில் பெடல் முன்சக்கர அச்சிலேயே இருக்கும், பிரீவீல் இராது. ஆகவே நிலைப்பல் ஓட்டாத தமிழ்க் குழந்தை இல்லை என்பது அவர்கள் துணிபு. குமரிக்கண்டம் முழுக்கச் சமவெளி, இறக்கமே கிடையாது, எனவே பிரீவீல் தேவைப்படவில்லை என்றொரு கருத்தும் உண்டு (கடல்கொண்ட நூல், கடல்கொண்ட பக்கம்).

3. கட்டுமானம்

3.1. சட்டகம். பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு படுக்கை வாட்டமாக இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தைப் பின்னே இழுத்துச் செயினின் தொய்வை எடுக்க முடியும். கியர் வண்டிகளின் சட்டகத்தில் பிளவு செங்குத்து. அவற்றில் தொய்வெடுக்க வேறு கருவி உண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடக்கும் கறுப்புச் சைக்கிளில் வேண்டிய பிளவு உண்டு. சிக்கனம் என்ற சொல்லை இக்கட்டுரை இதற்குப் பிறகு பயன்படுத்தாது.

3.2. நிறம். கறுப்பு.

3.3. மணி. வைப்பதில்லை. அலறல் போதும்.

3.4. பிணைப்பு. முறையான டிராக் ஹப்பில், அதாவது ஓடுதள வண்டியின் சக்கரக் குடத்தில், பல்சக்கரம் வலப்புரியில் இறுகும். அதன்மேல் பூட்டு வளையம் இடப்புரியில் இறுகும். பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது பல் கழலப் பார்த்தால் வளையம் விடாது. அந்த ஹப்பின் விலைக்கு எடைக்கடையில் இன்னொரு சைக்கிள் வாங்கலாம். எனவே அறிஞர்கள் சாதாரண ஹப்பையே நாடுவர். அதன் புரி 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. டிராக் பல்லும் அதே. பெடல் அச்சின் இடக்கிண்ணத்தைப் பூட்டும் வளையமும், இங்கிலாந்து அளவில், அதே. மூன்றும் பொருந்துவது கண்டு மனம் மகிழும். ஆனால் மூன்றும் வலப்புரி. பின்னுக்கு அழுத்தினால் பல்லும் வளையமும் ஒற்றுமையாகக் கழன்று வரும். மேனாட்டார் இதற்கு இட்ட பெயர் ‘தற்கொலை ஹப்’.

இதைத் தடுக்க மூன்று சமயங்கள் தோன்றின. பசைமதத்தார் புரியில் பசை தடவிவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பர். வெல்டிங்மதத்தார் பிரீவீலையே ஹப்போடு பற்றவைத்துவிடுவர்; பல் தேய்ந்தால் ஹப்பையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியதுதான், மறுபிறப்பு இல்லை. மூன்றாவது துருமதம். இதைக் கண்டெடுத்தது இக்கட்டுரையின் கள ஆய்வு. தகவலாளர் (ஆண், சைக்கிள் கடை, கையில் ஸ்பேனர்) கூறியது: “இதுக்குப் போய் எதுக்கு சார் செலவு? ரெண்டு மழையில நனைய விட்டுட்டு, ஆயில் விடாம ஓரமா சாத்தி வைங்க. பிரீவீல் தானா புடிச்சுக்கும்.” இக்கூற்று கருதுகோளைத் தகர்ப்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கப்படுகிறது (கடைச் சுவர், கிழக்குப் பக்கம், முருகன் காலண்டருக்குக் கீழ், கரியால் எழுதியது).

3.5. தேய்விடக் கணிதம். இனித்தான் ஆய்வு தொடங்குகிறது. பிரேக் இல்லாதவர் வண்டியை நிறுத்தும் முறை: உடலை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, பட்டையில் மாட்டிய கால்களால் பெடலைப் பூட்ட, பின்டயர் தேய்ந்துகொண்டே சறுக்கும். ஒருவர் எப்போதும் தமக்குப் பழகிய ஒரே காலை முன்வைத்தே பூட்டுவார். அப்படியானால் டயர் கண்டபடி தேயாது, குறித்த சில இடங்களில்தான் தேயும். எத்தனை இடம்? முன்பல் தொகையைப் பின்பல் தொகையால் வகுக்கும் பின்னத்தை இயன்றவரை சுருக்குக. கீழே மிஞ்சும் எண்ணே விடை. 48க்கு 16 என்றால் மூன்றின்கீழ் ஒன்று, தேய்விடம் ஒன்றே. அந்த ஓரிடத்தில் டயர் நூல் தெரியத் தேய்ந்திருக்க, மற்ற இடமெல்லாம் கடைப்புதுசாக இருக்கும். 46க்கு 16 என்றால் 23இன்கீழ் 8, எட்டு. 47க்கு 17 என்றால் இரண்டும் பகா எண்கள், சுருங்கா, பதினேழு!

இரு காலாலும் மாறிமாறிப் பூட்டும் சவ்யசாசிகளுக்கு, சுருக்கிய பின்னத்தின் மேலெண் ஒற்றைப்படையாயின் தொகை இரட்டிக்கும்: 47க்கு 17, முப்பத்து நான்கு. மேலெண் இரட்டைப்படையாயின் இரட்டிக்காது: 48க்கு 17, பழைய பதினேழே. இதனால் வலங்காலார், இடங்காலார், இருகாலார் என்று பிரிவுகள் உண்டாயின. கொள்வினை கொடுப்பினை நின்றது. ‘பல் ஒன்று கூடின் பயன் நூறு கூடும்’ என்பது இருகாலார் ஓதும் நூற்பா (மேற்படி சுவர், வெள்ளையடித்த பின், கடைக்காரரின் மைத்துனர் மனப்பாடமாகச் சொன்ன பாடம், சொன்ன அன்று அவருக்குக் கடைவாய் வலி இருந்தமையால் ‘பல்’ என்ற சொல் மட்டும் நெடிலாக ஒலித்தது, அந்நெடில் மூலபாடமா இடைச்செருகலா என்பது தனி ஆய்வுக்குரியது, அத்தனி ஆய்வு இக்கட்டுரையாளருக்கே உரியது).

பதினேழு தேய்விடம் என்றால் பதினேழு ஆய்வு மாணவர்கள் என்று பொருள். ‘ஐந்தாம் தேய்விடத்தில் மெய்ப்பாடுகள்’ என்று ஒருவருக்குக் கொடுக்கலாம். ‘ஒன்பதாம் தேய்விடத்தில் சூழலியல்’ அடுத்தவருக்கு. மிச்சமிருக்கும் கடைசி மாணவருக்கு ‘ஐந்தும் ஒன்பதும்: ஓர் ஒப்பாய்வு’. வாய்மொழித் தேர்வில் டயரை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். மிக்சர் தட்டு வந்ததும் பட்டம் உறுதி. கொழும்பிலிருந்து ஒருவர் காணொளியில் தலைகாட்டிவிட்டால் பன்னாட்டுக் கருத்தரங்கு.

3.6. முன்பிரேக். வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுவதால், எந்தச் சறுக்கலையும்விட ஒரு முன்பிரேக் விரைவாக நிறுத்தும். பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் பின்சக்கர நிலைப்பல்லை ஒரு பிரேக்காக ஏற்றுக்கொண்டு, முன்சக்கரத்துக்கும் ஒன்று கேட்கின்றன. மலிவானது, மாட்டுவது சுலபம், 3.5ஆம் பகுதி முழுவதையும் தேவையற்றதாக்கிவிடும். எனவே அறிஞர் அவையில் இதைப் பேசுவதில்லை.

4. செலுத்துதல்

46க்கு 16 பல், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் எனக் கொண்டால், பெடல் ஒரு முறை சுற்ற வண்டி சுமார் 6 மீட்டர் போகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 சுற்று, கால் தாங்கும். மேம்பாலத்தில் இறங்கும்போது வேகம் 45ஐத் தொட்டால் 124. அப்போது ஓட்டுவது யார், ஓட்டப்படுவது யார் என்ற தத்துவக் கேள்வி எழும். வளைவில் உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திவைக்க வழியில்லை. வண்டி சாய்ந்தால் பெடல் தரையில் இடிக்கும். வேகத்தடையில் இரு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வேட்டி கட்டியவர் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம்: சாதாரண வண்டியில் வேட்டி நுனி செயினில் சிக்கினால் காலை நிறுத்திவிடலாம்.

5. நாயும் நிலைப்பல்லும்

நாய் துரத்தினால் இரு கால்களையும் தூக்கி ஹேண்டில்பார்மேல் போட்டுக்கொள்வது நம் சைக்கிள் மரபின் அடிப்படைப் பாதுகாப்பு நெறி. வண்டி தன்பாட்டில் ஓடும். நாய்க்கு வெறும் பெடல் மிஞ்சும். நிலைப்பல்லில் கால் பட்டையில் மாட்டியிருக்கும். பட்டையை உருவித் தூக்கினாலோ, இருந்த ஒரே பிரேக்கும் போயிற்று. ஆளற்ற பெடல்கள் சுழன்று முழங்காலைத் தேடும். தூக்காவிட்டால் கெண்டைக்கால்கள் சீரான இடைவெளியில், முறை தவறாமல், நாயின் வாய் மட்டத்துக்கு இறங்கி வந்துகொண்டே இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அவை இன்னும் அடிக்கடி வரும்.

இதற்கான முதன்மைச் சான்று: கடைத்தெருவின் வடமுனை, மூடிய ரேஷன் கடை வாசல், பழுப்பு நிறம், இடக்காதில் வெட்டு, நேர்காணலுக்கு உடன்படவில்லை, ஆனால் ஆய்வில் மிகுந்த ஈடுபாட்டுடன் பங்கேற்றது. துணைச் சான்று: இக்கட்டுரையாளரின் வலக்கெண்டை, கட்டுப் பிரித்த பிறகு மாலை 4 முதல் 6 வரை ஆய்வாளர்கள் பார்வையிடலாம். ஊசிகள் முடியும்வரை அவர் இடங்காலார் பிரிவில் தற்காலிக உறுப்பினர்.