புள்ள படிக்குது

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் நான் வெங்காயத்துக்குத் தாள் அறுக்காமல் தப்பித்தது ஒரே ஒரு வினைச்சொல்லின் தயவால். 'படி' என்பது அந்தச் சொல். இங்கிலீஷ்காரன் பாடம் படிக்க ஒரு சொல், கதை படிக்க ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்துப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிட்டான். நமக்கு இரண்டும் படிப்புதான். விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாலும் படிக்கிறான், இரும்புக்கை மாயாவி காமிக்ஸை விரித்து வைத்திருந்தாலும் படிக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரியாத என் அம்மாவுக்கு, கையில் காகிதமும் காகிதத்தில் கண்ணும் இருந்தால் போதும். வேலைக்குக் கூப்பிட வருகிறவர்களை, "புள்ள படிக்குது" என்று வாசலிலேயே மறித்துவிடுவாள்.

இது 1988. பெரம்பலூர் தனி மாவட்டமாவதற்கு இன்னும் ஏழு வருஷம் இருந்தது; குரும்பலூர்க்காரர்களான நாங்கள் அப்போது திருச்சி மாவட்டத்துப் பிரஜைகள். மாவட்டம் எதுவானாலும் வெங்காயம் வெங்காயம்தான். சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிக் காயவைத்து, தாளோடு காட்டிலேயே பட்டறை போட்டுவிடுவார்கள். அடியில் காற்றுப் போக இடம் விட்டு, மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டுகிற நீளக் கூண்டு அது. விலை வரும்வரை வெங்காயம் அதில் தூங்கும். விலை எப்போது வரும் என்று வியாபாரிக்குத் தெரியாது, வெங்காயத்துக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். பரீட்சை முடிந்த மறுவாரம் வரும். பட்டறையைப் பிரித்ததும் ஊரில் சும்மா இருக்கிற கையெல்லாம் தாள் அறுக்கப் போக வேண்டும். பரீட்சைத் தாளில் தப்பித்தவன் வெங்காயத் தாளில் மாட்டுவான்.

ஆகவே ஏப்ரல் கடைசியில் எனக்குப் படிப்பின் மேல் திடீரென்று ஒரு பக்தி வந்துவிடும். வருஷம் முழுக்க வராத பக்தி.

வெறுமனே கண்ணால் படித்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். சத்தம் கேட்க வேண்டும். "வாயை விட்டுப் படிடா" என்பது எங்கள் ஊரின் கல்விக் கொள்கை. வாத்தியாரிலிருந்து டீக்கடைக்காரர் வரை அதில் கருத்து வேறுபாடு கிடையாது. சரி என்று காமிக்ஸையும் வாயை விட்டே படித்தேன். 'டுமீல்', 'ஐயோ', 'படார்' எல்லாவற்றையும் பானிப்பட் போர் நடந்த ஆண்டுகளை உருப்போடுகிற ராகத்தில், ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை. அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையைக் காலில் அழுத்திக்கொண்டு தாள் அறுத்தபடி இருப்பாள். நடுநடுவே மூக்கை உறிஞ்சுவாள். வெங்காய வீட்டில் யார் எதற்கு அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. கதாநாயகனின் நண்பன் சாகும்போது நானும் அந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

வினைச்சொல்லின் ஓட்டை தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தார். சித்தப்பா. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவர் என்பதால் கல்வியைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. உள்ளே வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: "படிக்கிறியா, கதை படிக்கிறியா?" அந்த ஒரு முன்னொட்டில் என் கோட்டை மொத்தமும் சரிந்துவிடும்.

சரக்கு வந்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து. துறையூர் ரோட்டில் பஸ் பிடித்துப் போனால், பெட்டிக்கடைகளில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 1984இல் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டும் ஒரே வருஷத்தில் தொடங்கிவிட்டதால் எங்கள் தலைமுறைக்குப் பஞ்சம் இல்லை, பைசாவுக்குத்தான் பஞ்சம். ஆகையால் பண்டமாற்று. ஒரு மாயாவிக்கு இரண்டு அம்புலிமாமா. அட்டை கிழிந்திருந்தால் ஒன்றரை. இந்தக் கணக்கு 1947இலிருந்து வந்துகொண்டிருந்த அம்புலிமாமாவுக்குப் பெரிய அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் மாயாவி கட்சி.

1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்த மாயாவியை வைத்துத்தான். ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எனக்கு ஒரு கவலை உண்டு. எங்கள் ஊரில் மோட்டார் ஓடுகிற மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மாயாவி குரும்பலூரில் பிறந்திருந்தால் பகலெல்லாம் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு, "என்ன தம்பி சும்மா இருக்க, தாள் அறுக்க வர்றியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

அந்த ராத்திரி கரண்டுக்காக மோட்டார் கொட்டகையில் காத்துக் கிடப்பது சித்தப்பாவின் வேலை. என்னிடம் பறிமுதல் செய்த புத்தகங்கள் அவரோடு அங்கே போகும். எரிக்கப் போகிறேன் என்றுதான் எடுத்துப் போவார். மூன்றாம் நாள் காலையில் அவை கூரையில் செருகிய நிலையில் திரும்பி வந்திருக்கும், எண்ணெய்க் கறையோடு. பல தடவை கடைசித் தாள் இருக்காது. பீடி பற்றவைக்க ஒரு தாள் வேண்டுமென்றால் நடுவில் கிழிக்க மனசு வருமா? தான் படித்து முடித்த பக்கத்தைத்தானே கிழிக்க முடியும். ஒரு வாசகராக அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது.

அப்பா வேறு தினுசு. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒன்று இருப்பதை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வேலை அது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். இன்றைக்கும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குப் போகிறது. "வரி கட்டறோம்ல? போய் எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார், ரேஷன் கடைக்கு அனுப்புவதுபோல. நான் தலையணை கனத்துக்கு ஒரு சரித்திர நாவலைத் தூக்கி வந்தேன். அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். திருப்தியாக இருந்தார். அந்த வருஷத்து வரி அதிலேயே தேறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

நூலகங்களுக்கு ஐந்து விதி எழுதிய ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. மே மாதத்தில் எங்களிடம் மிச்சமாக இருந்த ஒரே பொருள் நேரம்தான். அவர் அந்த விதிகளை வெளியிட்ட அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியிருக்கிறார்கள். அந்த வண்டி எங்கள் பக்கம் வந்திருந்தால் வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டோம். நாலு மூட்டை வெங்காயம் ஏற்றியிருப்போம்.

போன மே மாதம் என் மருமகன் திருச்சியிலிருந்து வந்திறங்கினான். தங்கச்சி பையன். ஏழாம் வகுப்பு. கூடவே ஒரு ஃபைல். லீவில் படிக்க வேண்டிய ஏழு புத்தகங்களின் பட்டியல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் நிரப்ப வேண்டிய கட்டம். தேதி, படித்த பக்கங்கள், முக்கியக் கதாபாத்திரம், கற்றுக்கொண்ட நீதி, பெரியவர் கையெழுத்து. புத்தகத்தைவிட அந்தக் கட்டங்களில் விறுவிறுப்பு அதிகம். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிக்கிற மாதிரி இருந்தது.

"என்னடா அது?" என்றாள் அம்மா.

"லீவுல வாசிப்புப் பயிற்சியாம்மா."

"எதை வாசிக்கணும்? நாயனமா, தவிலா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் வாசிக்கிறவர்கள் கோவில் திருவிழாவுக்கு மேளத்தோடு வருகிறவர்கள்தான். புத்தகத்தைப் படிப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். 'வாசிப்பு' என்ற சொல் எங்கள் ஊருக்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் அது செய்த முதல் காரியம், பாடத்தையும் கதையையும் பாகப்பிரிவினை செய்தது. இனிமேல் எந்தப் பிள்ளையாவது காமிக்ஸை வைத்துக்கொண்டு "படிக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

அரசுப் பள்ளிகளில் 2023இல் வாசிப்பு இயக்கம் என்று தொடங்கினார்கள். சின்னச் சின்னப் புத்தகங்கள், பிள்ளைகள் பேசுகிற தமிழ். நன்றாகவே இருக்கின்றன, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கி நானே நாலைந்து படித்தேன். படிக்கிற திறனுக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதே நாலு படி இருந்தது. பட்டறை நிழலில் நுழை, சித்தப்பா தலை தெரிந்தால் நட, கூப்பிட்டால் ஓடு. பிடிபட்டால் புத்தகம் பறக்கும்.

மருமகனின் பட்டியலில் முதல் புத்தகம் டைனோசரைப் பற்றியது. அமெரிக்க டைனோசர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாப்ள, நம்ம அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுல இதைவிடப் பெருசு கெடச்சிருக்குடா" என்றேன். அப்படித்தான் சொல்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் பேர் வைத்தார்கள், புருஹத்காயோசாரஸ் என்று. முதலில் கறி தின்னும் பிராணி என்றார்கள், பிறகு இல்லை, தழை தின்னும் பிராணி என்று மாற்றிக்கொண்டார்கள். நடுவில் புரட்டாசி வந்திருக்கலாம்.

"அந்த எலும்பு இப்ப எங்க இருக்கு மாமா?"

"பொடிஞ்சு போச்சுடா."

அவன் என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாட நோட்டை மாடு தின்றுவிட்டது என்று சொல்கிற பையனை வாத்தியார் பார்ப்பது. மானத்தைக் காப்பாற்ற மறுநாள் அவனை வண்டியில் ஏற்றிச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போனேன். 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், அப்படியே கல்லாகி 18 மீட்டருக்குப் படுத்துக் கிடக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் உலகுக்குச் சொன்னார். கடல் இங்கே வரைக்கும் இருந்ததடா என்று கையை நீட்டிக் காட்டினேன். அக்னி நட்சத்திரம். மணி பன்னிரண்டு.

"மரம்னு சொன்னீங்க," என்றான் மருமகன். "நிழலே இல்ல."

திரும்பி வந்தபிறகு பட்டியலை நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று பேரம் பேசினேன். ஜிபேயில் அனுப்பச் சொன்னான். கடைசியில் பள்ளி திறக்க நாள் நெருங்க, கட்டங்களை இரண்டு பேருமாக நிரப்பினோம். அவன் அட்டைப் படத்தைப் பார்த்து முக்கியக் கதாபாத்திரத்தைச் சொல்வான், நான் நீதியைச் சொல்வேன். ஐந்தாவது புத்தகத்துக்கு நீதி, 'எப்போதும் உண்மையே பேச வேண்டும்'. அவனும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம் வீடு அமைதியாக இருந்தது. செல்போன் சார்ஜில் கிடக்கிறது, பையனைக் காணோம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அமைதியைப்போலக் கலவரமான விஷயம் கிடையாது. தேடினால் பரணில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் என் தகரப் பெட்டி. மடியில் அட்டை போன, ஓரம் கரையான் தின்ற, எண்ணெய்க் கறை படிந்த ஒரு காமிக்ஸ். இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வரும். விரலை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். பட்டியலில் இல்லை, கட்டமில்லை, கையெழுத்தும் வேண்டாம்.

"மாமா, கடைசிப் பேஜ் இல்ல. முடிவு என்ன?"

யோசித்தேன். கொட்டகை ஞாபகம் வந்தது, பீடி வாசனை ஞாபகம் வந்தது. முடிவு வரவில்லை. "மறந்துபோச்சு மாப்ள."

தாழ்வாரத்தில் வெங்காயக் கூடைக்கு முன்னால் இருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்த இரும்புக்கைக்காரன் கதையா? கரண்டுக் கம்பியைப் புடிச்சு மறைஞ்சு போவான். கெட்டவன் கப்பலு வெடிச்சிரும். ஆனா கெட்டவன் மட்டும் தப்பிச்சுப் போயி முருங்க மரத்துல ஏறிக்குவான்."

"முருங்கை மரம் வேதாளம்மா. அது அம்புலிமாமா."

"நீதானடா படிச்ச."

மருமகன் என்னை நம்பவில்லை. அம்மாச்சியைத்தான் நம்பினான். முருங்கை மரமே முடிவு என்று ஏற்றுக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டான்.

எனக்கு வேறொன்று உறைத்தது. "அம்மா, அப்பவே உனக்குத் தெரியுமா, நான் பாடம் படிக்கலன்னு?"

"பாடத்துல எங்கடா 'டுமீல்'னு வரும்?"

"அப்புறம் ஏன் வர்றவங்களை எல்லாம் வாசல்லயே மறிச்ச?"

"ஆளு கூப்பிட்டு நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா, அடுத்து என்ன ஆச்சுன்னு எனக்கு யாரு சொல்றது?"

பரணிலிருந்து மருமகன் இறங்கி வந்தான், கையில் இன்னொரு அட்டையில்லாத புத்தகத்தோடு. தாழ்வாரத்தில் அவனுக்கு இடம் விட்டு அம்மா கொஞ்சம் நகர்ந்தாள். அரிவாள்மனையை என் பக்கம் தள்ளினாள்.

"நீ இந்தத் தாளை அறு. அவன் படிக்கட்டும்."