பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் மனமாற்றம்

ஜூன் 26 வந்தால் பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் பள்ளிப் பிள்ளைகளைப் பதாகையோடு நடக்கவிடுவார்கள். போதை ஒழிப்பு விழிப்புணர்வுப் பேரணி. அதிகாரி கொடியசைப்பார். போட்டோ எடுப்பார்கள். பிள்ளைகள் தொண்டை வறளக் கத்துவார்கள். பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். டாஸ்மாக் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். அரசுக்கு நேரம் பார்த்து வேலை செய்யத் தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

மக்களின் மனப்பான்மை மாறவேண்டுமாம். கல்யாணத்துக்கும் சரக்கு, கருமாதிக்கும் சரக்கு என்ற பழக்கம் ஒழியவேண்டுமாம். ஒழியட்டும். ஒழிக்கப்போவது யார்? மதுவிலக்குத் துறை. டாஸ்மாக்கை நடத்துவது யார்? அதே துறை. கடை போர்டிலேயே மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதியிருக்கிறது. விஷம் என்று தன் கையால் எழுதி ஒட்டி, தானே விற்கிற கடைக்காரனை ஊர் என்ன செய்யும்? நாம் ஓட்டுப் போடுகிறோம்.

2003-இல் சில்லறை விற்பனையை அரசே கையில் எடுத்தது. முதல் ஆண்டு வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24-இல் 45,855 கோடி. நாளொன்றுக்கு 125 கோடி. இடையில் 2016, 2017, 2023 என மூன்று தடவை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். கைதட்டினோம். கடை குறைந்தது, கல்லா பெருத்தது.

பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை. நல்ல திட்டம், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கணக்குப் போடுவேன். 2024 கணக்குப்படி 1.15 கோடிப் பெண்களுக்கு ஆண்டு முழுக்கக் கொடுத்தால் 13,800 கோடி. பாட்டிலில் வசூலாவது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 2024 பிப்ரவரியில் விலையை ஏற்றியபோது மலிவான குவார்ட்டரே 140 ரூபாய் ஆனது. ஆயிரத்துக்கு ஏழு குவார்ட்டர். மனைவி கணக்கில் ஏறியது புருஷன் கை வழியாக ஒரே வாரத்தில் கஜானாவுக்குத் திரும்பிவிடும். பாட்டிலுக்குக் கூடுதலாகக் கேட்கிற பத்து ரூபாய் இந்தக் கணக்கில் சேராது. அது எந்தக் கணக்கிலும் சேராது.

வருமானம் இல்லாமல் ஆட்சி நடக்குமா என்பார்கள். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜிக்கும் அந்தக் கவலை இருந்தது. ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். 1971-இல் கருணாநிதி கடையைத் திறந்தார், 1974-இல் மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். சாராயத்துக்குப் பதிலாக வந்த வரி மட்டும் போகவே இல்லை. இப்போது வரியும் கட்டுகிறோம், குடியும் நடக்கிறது.

மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது அடுத்த பயமுறுத்தல். கடைகள் ஜெகஜோதியாகத் திறந்திருந்தபோதுதான் 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த மெத்தனால் பூந்தமல்லிக்குப் பக்கத்து வானகரத்து ரசாயன ஆலையிலிருந்து போனது என்றது காவல்துறை. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி. அறுபதுக்கும் மேற்பட்ட பிணங்கள், தலைக்குப் பத்து லட்சம் நிவாரணம். குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவன்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். அவனைக் குடிக்கப் பழக்கிய ஊரில் குவார்ட்டர் விலையை நிர்ணயிப்பது அரசு.

ஸ்வீடனிலும் அரசுதான் மதுக்கடை நடத்துகிறது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கெல்லாம் பூட்டு, ஞாயிறு விடுமுறை. குடியைக் குறைக்கத்தான் அந்த ஏகபோகம். நம் ஏகபோகத்துக்கு ஞாயிறுதான் நல்ல வியாபாரம்.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பெங்களூரு சாலையை ஒட்டி வாழும் நமக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததா? மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகள் என்று பெயர் மாற்றப் பார்த்தார்கள். கடையை நகர்த்துவதைவிடச் சாலையை நகர்த்துவது சுலபம் அல்லவா! உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்துவிட்டது. பூந்தமல்லி நகராட்சி. தீர்ந்தது பிரச்சினை.

அதற்குள் நெடுஞ்சாலையில் மூடிய கடைகள் ஊருக்குள் நுழையத் தொடங்கியிருந்தன. பண்பாடு மாறாத ஜனங்கள் என்கிறார்களே, அந்த ஜனங்கள்தான் மறித்தார்கள். முன்பே மறித்தவர்களும் உண்டு. 2015 ஜூலையில் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் பிணமாக இறங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் கடையை மூடு என்று பாடிய கோவன் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. நாட்டுக்குக் கேடு என்று போர்டு எழுதினால் அரசுப் பணி, அதையே மெட்டுக் கட்டிப் பாடினால் துரோகம்.

2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், ஊருக்குள் கடை வேண்டாம் என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடுதல் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்தார். தமிழ்நாடே பார்த்தது. பின்னாளில் அவர் கண்காணிப்பாளராகப் பதவி உயர்ந்தார்.